கார்ட்டூன் குடும்பம் சொல்லும் வியாபாரப் பாடம்: பொருள் உங்களுடையது, பெயர் யாருடையது?

பாடசாலைத் தவணை ஆரம்பமாகும் காலத்தில் புத்தகப் பை வாங்க வரும் பிள்ளைகள் துணியின் தரத்தையோ தையலையோ பார்ப்பதில்லை. பையில் என்ன படம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். படம் இல்லாத பை 1,200 ரூபாவுக்கும் விற்காமல் தேங்கிக் கிடக்க, அதே துணியில் அதே தையலில் வந்த, கார்ட்டூன் படம் பொறித்த பை 1,800 ரூபாவுக்கு விற்றுத் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மேலதிக 600 ரூபா எதற்காகக் கிடைக்கிறது? அதில் உரித்துடையவர் யார்? கடை நடத்தும் நாம் இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

இக்கேள்விக்கு விடை காண அமெரிக்காவின் ஒரு கார்ட்டூன் தொடர் நல்ல உதாரணமாக அமைகின்றது. அதுதான் ‘த சிம்ப்சன்ஸ்’. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி அரை மணிநேரத் தொடராக ஆரம்பித்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 750 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. சோம்பேறித் தகப்பன் ஹோமர், பொறுமைசாலித் தாய் மார்ஜ், குழப்படிக்காரன் பார்ட், கெட்டிக்காரி லீசா, இன்னும் பேசத் தொடங்காத குழந்தை மெகி என ஐவர் கொண்ட மஞ்சள் நிறக் குடும்பம் அது. அமெரிக்கக் குடும்பம், மதம், அரசியல், வியாபாரம் என எதையும் விட்டுவைக்காமல் கேலி செய்வதே அதன் வேலை.

இத்தொடரை வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அதில் எமது பிள்ளைகளுக்குப் பொருந்தாத விடயங்கள் பல உள்ளன. ஆனால் அத்தொடரைச் சுற்றி நடந்த கொடுக்கல் வாங்கல்களில் சிறு வியாபாரிக்கும் பயன்படும் பாடங்கள் இருக்கின்றன.

காத்திருந்த நேரத்தில் பிறந்த சொத்து

மெட் கிரேனிங் என்பவர் 1977 முதல் ‘லைஃப் இன் ஹெல்’ என்ற கேலிச்சித்திரத்தை வரைந்து வந்தார். ஆரம்பத்தில் அதைத் தானே பிரதியெடுத்து விற்றவர். 1980களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் என்ற பிரபல தயாரிப்பாளர் அவரை அழைத்து, அந்தப் பாத்திரங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரலாமா என்று பேச விரும்பினார்.

அலுவலகத்திற்கு வெளியே காத்திருந்தபோதுதான் கிரேனிங்கிற்கு ஒரு விடயம் உறைத்தது. தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் தனது கேலிச்சித்திரத்தின் உரிமையே கைமாறிப் போய்விடும். பல வருடங்களாக அவருக்குச் சோறு போட்ட சொத்து அது. எனவே அதைக் கொடுக்காமல், அந்த இடத்திலேயே சில நிமிடங்களில் ஒரு புதிய குடும்பத்தை வரைந்தார். பெயர் யோசிக்கவும் நேரமில்லை. தனது தகப்பன், தாய், இரு சகோதரிகளின் பெயர்களையே வைத்தார். மகனுக்கு மட்டும் பார்ட் என்று பெயரிட்டார். இது அவரே பல தடவை சொன்ன கதை.

அந்தக் குடும்பம் 1987 ஏப்ரல் 19ஆம் திகதி ‘ட்ரேசி உல்மன் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் இடையில் வரும் சிறு துண்டாக அறிமுகமானது. கிரேனிங் தனது பழைய சொத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அதை 2012 வரை தொடர்ந்து வரைந்தார். ஆனால் அவசரத்தில் கீறிய புதிய குடும்பம்தான் உலகளாவிய சொத்தாக மாறியது. எது நாளை பெறுமதி பெறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. அதனால்தான் சிறிய கொடுக்கல் வாங்கலுக்கும் எழுத்து முக்கியமாகிறது.

பங்குக்காரரும் சம்பளக்காரரும்

தொடரை ஒளிபரப்பிய ஃபொக்ஸ் அலைவரிசை அப்போது புதிது. ஏற்கனவே மூன்று பெரிய அலைவரிசைகள் அமெரிக்காவை ஆண்டுகொண்டிருந்தன. வளர வேண்டிய தேவை ஃபொக்ஸுக்கு இருந்தது. அந்தச் சமயத்தைப் பயன்படுத்தி புரூக்ஸ், தொடரின் உள்ளடக்கத்தில் அலைவரிசை தலையிடக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். தன்னை ஒளிபரப்பும் கம்பனியையே இத்தொடர் கேலி செய்ய முடிவது அந்த ஒரு வாசகத்தால்தான். தொடர் புகழ் பெற்ற பின்னர் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தனது நிகழ்ச்சியில்தான் இக்குடும்பம் பிறந்தது, எனவே அதன் படம் பொறித்த பொருட்களின் வருமானத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று ட்ரேசி உல்மன் வழக்குத் தொடர்ந்தார். 1992இல் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. பிறந்த வீடு எது என்பதை வைத்து மட்டும் பங்கு கிடைக்காது. ஒப்பந்தத்தின் சொற்கள் அப்பொருளையும் உள்ளடக்குகின்றனவா என்பதே கேள்வி.

குரல் கொடுக்கும் ஆறு பிரதான கலைஞர்களின் கதை இன்னொரு வகை. 1998 வரை ஓர் அத்தியாயத்திற்கு 30,000 டொலர் பெற்றனர். அவ்வருடம் பிணக்கு ஏற்பட்டு 125,000 டொலர் வரை உயர்ந்தது. 2004இல் மீண்டும் வேலையை நிறுத்தினர். 2008 அளவில் தொகை சுமார் 400,000 டொலரைத் தொட்டது என்று செய்திகள் வந்தன. ஆனால் 2011இல் செலவைக் குறைக்க வேண்டும் என்று கம்பனி சொன்னதும் சுமார் 300,000 டொலருக்கு இறங்க நேர்ந்தது. அந்தப் பேச்சுவார்த்தையின்போது ஹெரி ஷியரர் என்ற கலைஞர், சம்பளத்தை இன்னும் அதிகமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு இலாபத்தில் ஒரு சிறு பங்கு தாருங்கள் என்று கேட்டார். கம்பனி அதற்குச் சம்மதிக்கவில்லை. எவ்வளவு பெரிய சம்பளமாக இருந்தாலும் அதை ஏற்றி இறக்க இன்னொருவரால் முடியும். பங்கு அப்படியல்ல.

பங்கின் பெறுமதியை அறிந்தவர் சேம் சைமன். தொடரை உருவாக்கியதில் பெரும் பங்காற்றிய இவர் கருத்து வேறுபாடு காரணமாக 1993இல் விலகினார். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. எதிர்கால வருமானத்தில் தனக்குரிய பங்கை எழுத்தில் உறுதிப்படுத்திவிட்டே போனார். அதன் பிறகு தொடருக்காக வேலை செய்யாமலேயே வருடந்தோறும் கோடிக்கணக்கான ரூபா அல்ல, கோடிக்கணக்கான டொலர் அவரைத் தேடி வந்தது. 2012இல் புற்றுநோய் என்று தெரிந்ததும் தனது செல்வத்தைத் தர்மத்திற்கென ஒதுக்கினார். பசித்தோருக்கு உணவளித்தல், மிருகங்களைப் பாதுகாத்தல் என்பன அவரது பணிகள். 2015இல் காலமானார்.

எமது ஊர்களில் என்ன நடக்கிறது? சகோதரர்கள், மச்சான்மார், நண்பர்கள் சேர்ந்து கடை போடுவோம். ‘எங்களுக்குள் என்ன எழுத்து’ என்போம். கடை ஓடாவிட்டால் பிரச்சினை இல்லை. ஓடினால்தான் பிரச்சினை! கடைப் பெயர் யாருக்கு என்று வழக்குப் பேசிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வந்து நிற்போம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியும் சாட்சிகள் வைப்பது பற்றியும்தான் பேசுகிறது. அதைத் தினமும் ஓதுகின்ற சமூகம் எழுத்துக்கு வெட்கப்படுவது ஆச்சரியமானது.

படம் எப்படிப் பணமாகிறது?

1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்ட் படம் போட்ட ரீ-சேர்ட் பெரும் அலையாக வீசியது. உச்சக் காலத்தில் நாளொன்றுக்கு 10 இலட்சம் வரை விற்றதாகக் கூறப்பட்டது. சோம்பேறித்தனத்தைப் பெருமையாகச் சொல்லும் வாசகம் இருந்ததால் சில பாடசாலைகள் அந்த ரீ-சேர்ட்டைத் தடை செய்தன. தடையும் விளம்பரமாகவே முடிந்தது. கூடவே கள்ளப் பிரதிகளும் தெருவெங்கும் குவிந்தன.

சட்டப்படி இவ்வியாபாரம் நடக்கும் விதம் இதுதான். கார்ட்டூன் கம்பனி தானே ரீ-சேர்ட் தைப்பதில்லை. தைப்பவருக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. அதில் நான்கு விடயங்கள் இருக்கும். எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டில், எத்தனை வருடத்திற்கு அனுமதி என்பது முதலாவது. விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என்ற ரோயல்டி இரண்டாவது. விற்றாலும் விற்காவிட்டாலும் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை மூன்றாவது. மாதிரியைக் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும் என்பது நான்காவது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ரோயல்டி நூற்றுக்கு 10, குறைந்தபட்சத் தொகை 2 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்த விலை 1,500 ரூபாவில் 1,000 பைகள் விற்றால் விற்பனை 15 இலட்சம். ரோயல்டி ஒன்றரை இலட்சம். ஆனாலும் நீங்கள் கட்ட வேண்டியது 2 இலட்சம். 1,333 பைகளுக்கு மேல் விற்றால்தான் குறைந்தபட்சத் தொகையைத் தாண்டுவீர்கள். எனவே அனுமதி எடுப்பவர் முதலில் கணக்கிட வேண்டியது அந்தத் தொகையைத்தான்.

வெளிநாட்டில் செய்வித்து எடுப்பவர்களுக்கும் இதே தொடரில் ஒரு படிப்பினை உண்டு. ஆயிரக்கணக்கான படங்களை வரையும் வேலை தென் கொரியாவுக்குக் கொடுக்கப்பட்டது. முதலில் தயாரான அத்தியாயம் திரும்பி வந்தபோது தயாரிப்பாளர்களுக்குத் திருப்தியில்லை. அதில் சுமார் 70 வீதத்தை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. 1989 இலையுதிர் காலத்தில் வரவேண்டிய தொடர் டிசம்பருக்குத் தள்ளிப்போக இதுவே காரணம். தரமற்றதை வெளியிட்டிருந்தால் தொடர் அங்கேயே முடிந்திருக்கலாம்.

பெயர் மட்டும்தானே என்று நினைத்தால்?

இத்தொடரில் ‘டஃப்’ என்றொரு கற்பனை பியர் வருகிறது. 1990களில் அவுஸ்திரேலியாவின் பியர் கம்பனிகள் அதே பெயரில் உண்மையான பியரை விற்பனைக்கு விட்டன. மது எமக்கு ஹராம் என்பதில் பேச்சில்லை. இங்கு கவனிக்க வேண்டியது வழக்கின் சட்டப் பகுதியை. அந்தப் பியரில் ஹோமரின் படம் இல்லை. தொடரின் பெயரும் இல்லை. ஃபொக்ஸ் கம்பனியோ பியர் விற்பதும் இல்லை. இருந்தும் 1996இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் ஃபொக்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மக்கள் அப்பெயரைக் கண்டதும் தொடரோடு சம்பந்தப்படுத்துகிறார்கள், அந்தச் சம்பந்தத்தை வைத்தே பொருள் விற்கப்படுகிறது, அது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் என்பதே காரணம்.

‘ஓர் எழுத்தை மாற்றிவிட்டோம், சிக்கல் வராது’ என்று நம்புகின்ற எமது வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுபவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5 இலட்சம் ரூபா வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. மறுபடி குற்றம் செய்தால் தண்டனை இரட்டிப்பாகலாம். போலி வர்த்தகக் குறி கொண்ட சரக்கை இறக்குமதி செய்தால் சுங்கத்திலேயே சிக்கிக்கொள்ளும். கொள்கலனில் உள்ள ஏனைய நல்ல சரக்கும் அதனுடன் சேர்ந்து தாமதமாகும்.

சட்டத்தை விட்டுவிட்டு மார்க்கத்தைப் பார்த்தாலும் விடை தெளிவானது. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த உரிமை’ என்று சொல்வோர் எம்மில் உண்டு. ஆனால் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோதே இது பற்றித் தீர்மானம் எடுத்துவிட்டது. வர்த்தகப் பெயர், வர்த்தகக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை உரிமையாளரின் ஹக். அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு. அவற்றை அத்துமீறுவது கூடாது என்பதே அதன் சாரம். உயிருள்ளவற்றின் படங்களை விற்பது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துக்கள் வேறு விடயம். படத்தை அனுமதிக்கின்றவரும் பிறர் உரிமையை எடுப்பதை அனுமதிப்பதில்லை. ஆக, ஆரம்பத்தில் சொன்ன அந்த 600 ரூபாவில் ஒரு பகுதி இன்னொருவருடைய ஹக்.

பெயரை வாடகைக்கு விட்டவன் கதை

வேடிக்கை என்னவென்றால், தன் பெயரில் கணக்கற்ற பொருட்களை விற்ற இத்தொடரே பெயர் விற்கும் வியாபாரத்தைக் கடுமையாகக் கேலி செய்கிறது. கிரஸ்டி என்ற கோமாளி, பணம் கொடுத்தால் எந்தப் பொருளுக்கும் தன் பெயரைக் கொடுப்பவன். தரம் பார்ப்பதே இல்லை. 1992இல் வந்த ஓர் அத்தியாயத்தில் அவன் பெயரில் நடக்கும் விடுமுறை முகாமுக்குப் பிள்ளைகள் ஆசையோடு போகிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது கொடுமை. பிள்ளைகள் கோபப்பட்டது முகாம் நடத்தியவன் மீது மட்டுமல்ல, கிரஸ்டி மீதும்தான்.

தொடரின் உரிமையாளர்களுக்கும் இதே நிலை பின்னர் வந்தது. அதில் வரும் அப்பு என்ற இந்தியக் கடைக்காரர் அமெரிக்காவில் தெற்காசியர்களைக் கிண்டல் செய்யும் கருவியாகிப் போனார் என்ற மனக்குறை நீண்ட காலமாக இருந்தது. 2017இல் அது பற்றி ஒரு விவரணப் படமே வெளிவந்தது. அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா 2020இல் அப்பாத்திரத்திலிருந்து விலகிக்கொண்டார். பெயரின் வருமானம் யாருக்கோ அவருக்கே பழியும் பொறுப்பும்.

இது சிறு கடைக்கும் பொருந்தும். முப்பது வருட நாணயத்தால் வந்த கடைப் பெயரை, தெரிந்தவர் என்பதற்காக இன்னோர் ஊரில் கிளை போடக் கொடுக்கிறோம். அங்கே பழைய சரக்கும் குறைந்த நிறையும் விற்கப்பட்டால் வாடிக்கையாளர் ஏசுவது உங்கள் வாப்பாவின் பெயரைத்தான். பெயரும் ஓர் அமானிதம்.

லேபலை மாற்றினால் போதுமா?

2005ஆம் ஆண்டு றமழானில் எம்.பி.சி. அலைவரிசை இத்தொடரை ‘அல் ஷம்ஷூன்’ என்ற பெயரில் அரபு மொழிக்குக் கொண்டுவந்தது. ஹோமர் ஓமர் ஆனார். பார்ட் பத்ர் ஆனான். பியர் குளிர்பானமானது. பன்றி இறைச்சி நீக்கப்பட்டது. மதுச்சாலைக் காட்சிகள் வெட்டப்பட்டன. ஓமருக்குக் குரல் கொடுத்தவர் எகிப்தின் பிரபல நகைச்சுவை நடிகர் முஹம்மத் ஹெனெதி. சட்டப்படியான அனுமதி, நல்ல நடிகர், நல்ல காலம் எல்லாமே இருந்தன. ஆனால் தயாரித்த 52 அத்தியாயங்களில் 34 உடன் ஒளிபரப்பு நின்றது.

ஹராமானதை நீக்கியது தவறல்ல. அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்க வாழ்க்கையைக் கேலி செய்வதற்கென்றே பிறந்த ஒரு பொருளில், பெயரையும் பானத்தையும் மாற்றினால் அது அரபுக் குடும்பமாகிவிடாது. மூலத்தை அறிந்தவர்களுக்கு அது குறைபட்டதாகத் தெரிந்தது. அறியாதவர்களுக்கு அதில் தங்களுடையது எதுவும் தெரியவில்லை. வெளியில் ஓடுகின்ற சரக்கு என்பதற்காக இறக்கி, லேபலை மாற்றி எமது சந்தையில் விட எண்ணுபவர்கள், அந்தப் பொருள் அங்கே ஏன் ஓடுகிறது என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

2019 மார்ச்சில் டிஸ்னி கம்பனி, ஃபொக்ஸின் திரைப்பட, தொலைக்காட்சிச் சொத்துக்களை சுமார் 71 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இந்த மஞ்சள் குடும்பமும் அதனுடன் கைமாறியது. வாங்கப்பட்டவற்றில் பெரும் பகுதி கையால் தொட முடியாதது. பெயர்களும் உருவங்களும் அவற்றுக்கான ஒப்பந்தங்களுமே அங்கே பெரும் சொத்து.

எமது அளவில் மூன்று காரியங்களை இந்த மாதமே செய்யலாம். முதலாவது, உங்கள் கடையின் அல்லது உற்பத்தியின் பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்யுங்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இதைச் செய்கிறது. பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கிறேன், அது போதும் என்று எண்ண வேண்டாம். அது வேறு, வர்த்தகக் குறி வேறு.

இரண்டாவது, பங்காளிகளோடு இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் யாருடையது, உழைப்பு யாருடையது என்பதோடு, பிரிய நேர்ந்தால் பெயர் யாருக்கு என்ற வரியையும் சேருங்கள்.

மூன்றாவது, அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது, படம் பொறித்த பொருளாயின் அனுமதிப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். கொடுக்காதவரிடம் படமில்லாத சரக்கை எடுங்கள். அல்லது எமது ஊர்ப் பிள்ளைகளில் வரையத் தெரிந்த ஒருவரிடம் ஒரு வடிவத்தைப் பணம் கொடுத்து வரைந்து வாங்கி, உரிமையையும் எழுத்தில் பெற்று உங்கள் பையில் போடுங்கள். பெரும் கம்பனியின் சொத்தும் ஒருவர் காத்திருந்த நேரத்தில் கீறிய படமாகத்தான் ஆரம்பித்தது.

அல்லாஹ் எமது சம்பாத்தியத்தை ஹலாலாக்கி அதில் பரகத் செய்வானாக.